லங்காஷயர் ஹாட்பாட்: பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் செய்து கொடுக்க வேண்டும்

வைகறை, போல்டன் | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், பழைய பஞ்சாலைத் தொழிலாளர் தெரு ஒன்றில். செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியவர் இருக்கிறார். அவருடைய மனைவி இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் காலமானார். ஏழு ஆண்டுகளுக்கு முன் எனக்கு மகள் பிறந்தபோது ஊரிலிருந்து அம்மாவால் வர முடியவில்லை. பத்தியம் பார்த்துச் சமைத்துப் போட ஆளில்லை. அந்த அம்மாள்தான் மூன்றாம் நாள் ஒரு பழுப்பு நிற மண் பாத்திரத்தில், இந்த வட்டாரத்துச் சமையலான ஹாட்பாட் கொண்டுவந்து வைத்தார். ஆட்டிறைச்சி, வெங்காயம், மேலே உருளைக்கிழங்கு. அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அந்த வாசனை இன்றும் நினைவிருக்கிறது. இரண்டு நாள் அதையே சூடாக்கிச் சாப்பிட்டேன்.

இப்போது அந்தப் பெரியவர் கடையில் வாங்கிய டப்பா உணவைச் சூடாக்கிச் சாப்பிட்டு நாளைக் கடத்துகிறார். பார்க்க மனம் கேட்கவில்லை. சென்ற ஞாயிறு நானே ஹாட்பாட் செய்து கொண்டுபோனேன். எலும்பில்லாத தொடை இறைச்சியைத் துண்டு போட்டு, இஞ்சி பூண்டு விழுதும் ஒரு தேக்கரண்டி கரம் மசாலாவும் சேர்த்து வதக்கி, மேலே உருளைக்கிழங்கை அடுக்கி, 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். அவர் மீதி வைக்காமல் சாப்பிட்டு, தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, "நல்ல கறி" என்றார்.

நான் கறி செய்யவில்லை. அந்த அம்மாள் செய்ததைச் செய்ய நினைத்தேன். இறைச்சி நார் நாராக இருந்தது, குழம்பு தண்ணீராக ஓடியது, மேலே கிழங்கு வெளுத்துக் கிடந்தது. அந்தச் சுவை எங்கிருந்து வருகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணி | திங்கள், இரவு 10.05

உங்கள் மனசுக்கு முதலில் வணக்கம், சகோதரி. ஆனால் ஒன்று கேட்கிறேன்: உப்பும் மிளகும் மட்டும் போட்ட இறைச்சி நம் நாக்குக்கு ஒத்துவருமா? நான் இங்கே வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. எந்த ஆங்கிலேய உணவானாலும் இரண்டு பச்சை மிளகாயும் கொஞ்சம் சீரகமும் சேர்த்தால்தான் எங்கள் வீட்டில் இறங்குகிறது. பெரியவருக்குத் தனியாக மசாலாவைக் குறைத்துச் செய்யலாமே?

பிரஸ்டன் சமையலறை | செவ்வாய், காலை 6.50

வைகறை, நான் பிரஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். வாரம் ஒருமுறை அறுபது பேருக்கு ஹாட்பாட் செய்வோம். இந்த வட்டாரத்துப் பாட்டிமார்கள் தட்டைப் பார்த்தே குறை சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் வாங்கிய பாடத்தைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பாத்திரத்தில் கரம் மசாலா சின்னத் தவறு. பெரிய தவறு இறைச்சித் துண்டு. தொடையில் கொழுப்பும் சவ்வும் குறைவு. அதிகச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் தசைநார் இறுகி உள்ளிருக்கும் சாற்றையெல்லாம் வெளியே தள்ளிவிடும். குழம்பு தண்ணீரானதும் இறைச்சி நாரானதும் ஒரே காரணத்தால்தான். கழுத்துப் பகுதியை எலும்போடு வாங்குங்கள். கழுத்து கிடைக்காவிட்டால் தோள்பட்டை. அதில் இருக்கும் சவ்வு, மெல்லிய சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேகும்போது கரைந்து குழம்போடு சேரும். உதட்டில் லேசாக ஒட்டுகிற அந்தப் பதம் அதிலிருந்துதான் வருகிறது. நீங்கள் தேடும் சுவையில் பாதி அங்கே இருக்கிறது.

மீதிப் பாதி வெங்காயத்தில். அதை நம் ஆட்கள் யாரும் நம்புவதில்லை.

நான்கு பேருக்கு எலும்போடு ஒரு கிலோ கழுத்திறைச்சி, பெரிய வெங்காயம் மூன்று அல்லது நான்கு, ஒரு கிலோ உருளைக்கிழங்கு, அரை லிட்டர் எலும்புச் சாறு, ஒரு மேசைக்கரண்டி மைதா, 40 கிராம் வெண்ணெய், உப்பு, வெள்ளை மிளகுத்தூள், இரண்டு பே இலை, இரண்டு கொத்து தைம் என்ற மூலிகை போதும். இறைச்சியில் உப்பும் மாவும் தடவி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நன்கு சூடான சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து எடுங்கள். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டினால் வறுபடாது, வெந்துவிடும். அதே சட்டியில், அடியில் பிடித்ததைச் சுரண்டியபடி, வெங்காயத்தைச் சிறு தீயில் இருபது நிமிடம் வதக்குங்கள். இருபது நிமிடம் என்றால் இருபதுதான். நம் வீட்டில் செய்வதுபோல் நிறம் மாறியதும் நிறுத்திவிடக் கூடாது. அது துவண்டு, இனித்து, வைக்கோல் நிறத்துக்கு வர வேண்டும்.

கனமான பாத்திரத்தின் அடியில் மூன்றில் ஒரு பங்கு கிழங்கு, அதன்மேல் இறைச்சி, வெங்காயம், இலைகள். கடைசியாக மீதிக் கிழங்கை ஓடு வேய்வதுபோல் ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கும்படி அடுக்குங்கள். வில்லைகளைத் தண்ணீரில் அலசாதீர்கள், அந்த மாவுச்சத்துதான் குழம்பைக் கெட்டியாக்கும். சாறு மேல் அடுக்குக்குக் கீழேயே நிற்க வேண்டும். அடுக்கு மூழ்கினால் மொறுமொறுப்பு வராது. உருக்கிய வெண்ணெயைத் தடவி, மூடி போட்டு, 160 டிகிரியில் இரண்டு மணி நேரம். பிறகு மூடியை எடுத்துவிட்டு 200 டிகிரியில் முப்பது, நாற்பது நிமிடம், ஓரங்கள் கருஞ்சிவப்பாகும் வரை. உங்கள் ஓவனில் மின்விசிறி இருந்தால் இரண்டிலும் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்துக் கால் மணி நேரம் அப்படியே விட்டுப் பரிமாறுங்கள்.

கிழங்கு எது என்பதும் முக்கியம். மாரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட். இரண்டும் மாவுத்தன்மை உள்ளவை. அடியில் இருப்பது கரைந்துவிடும், மேலே இருப்பது மொறுமொறுக்கும். சாலட்டுக்கு விற்கும் சின்னக் கிழங்கை வாங்கினால் இரண்டும் நடக்காது.

தாமிரபரணி | செவ்வாய், காலை 8.15

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி, அண்ணா. ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. வாசனைப் பொருள் கிடைக்காத காலத்தில், வேறு வழியில்லாமல் செய்த உணவுதானே இது? இன்று எல்லாம் கிடைக்கும்போது ஏன் அப்படியே செய்ய வேண்டும்?

ஏட்டுச்சுவடி | செவ்வாய், மதியம் 12.30

தாமிரபரணி, கிடைக்காததால் என்பது சரியல்ல. ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி 1747இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே இந்தியப் பாணியில் கறி செய்யும் குறிப்பு இருக்கிறது. ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் கிராம்பும் வசதியான வீடுகளில் அதற்கு முன்பே புழங்கின. நம் மிளகுத் தண்ணீரும் பெயரோடு கடல் கடந்து போய் ‘மல்லிகடானி’ என்ற அவர்கள் சூப்பாக மாறியது. ஏழை வீடுகளுக்கு இவையெல்லாம் எட்டவில்லை என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹாட்பாட் செய்தவர்களுக்குக் கையில் இருந்தது வேறு: சுமாரான ஆட்டிறைச்சி, மலிவான வெங்காயம், அணையாமல் கனன்ற நிலக்கரி அடுப்பு. சிப்பி மலிவாகக் கிடைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதையும் உள்ளே போட்டிருக்கிறார்கள். இருப்பதை வைத்து உச்சத்துக்குக் கொண்டுபோன சமையல் அது. நம் கம்பங்கூழுக்கு ஏலக்காய் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஒருமுறை அப்படியே செய்து சாப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு பச்சை மிளகாய் சேர்த்தால் நான் வாதாட வரமாட்டேன்.

வல்வெட்டி | செவ்வாய், மாலை 6.20

இதைப் படித்ததும் எங்கள் அம்மம்மாவின் நினைவு வந்தது. ஈழத்தில் பாண், அதாவது ரொட்டி, சுடும் அடுப்பைப் போறணை என்போம். இங்கிலாந்திலும் முன்பு வீட்டில் அடுப்பு வசதி போதாத குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் பாத்திரத்தோடு பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்தச் சூட்டில் வேகவைத்து வாங்கி வந்திருக்கிறார்கள். ரொட்டி சுட்டு முடிந்த அடுப்பின் இறங்கு சூடு. வைகறை அக்கா, உங்கள் ஓவனையும் அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். எரிக்கும் அடுப்பாக அல்ல, ஆறிக்கொண்டிருக்கும் அடுப்பாக.

வைகறை, போல்டன் | செவ்வாய், இரவு 9.10

பிரஸ்டன் அண்ணா, உங்கள் பதிவை அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன். இரண்டு சந்தேகங்கள். எங்கள் பகுதி ஆசியக் கடையில் "மட்டன்" என்று எழுதியிருக்கிறது, அதை வாங்கலாமா? பே இலைக்குப் பதிலாக என்னிடம் இருக்கும் பிரிஞ்சி இலையைப் போடலாமா?

பிரஸ்டன் சமையலறை | புதன், காலை 6.40

பிரிஞ்சி இலை வேண்டாம். இரண்டையும் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள், அவை வேறு வேறு மரங்கள். பிரிஞ்சி இலை பட்டை மரத்தின் இனம், அதனால் கிராம்பும் பட்டையும் கலந்த மணம் வரும். போட்டால் பெரியவர் மறுபடியும் "நல்ல கறி" என்பார். இங்கே பயன்படுத்துவது லாரல் மரத்தின் இலை. கிடைக்காவிட்டால் தைம் மட்டும் போதும்.

மட்டன் என்றால் செம்மறியா வெள்ளாடா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு, குழம்புக்கு அருமை, இதற்கு வறண்டுபோகும். முதிர்ந்த செம்மறி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பழைய ஹாட்பாட் அதில்தான் செய்தார்கள். ஆனால் மூடி போட்ட நேரத்தை இன்னும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இன்னொன்று, செம்மறிக் கொழுப்பு ஆறினால் வாயில் மெழுகுபோல் உறையும். தட்டையும் சூடாக்கிப் பரிமாறுங்கள்.

துளசிமாடம் | புதன், காலை 10.00

நாங்கள் சைவம். இந்த இழையைப் படிக்கும்போது ஏக்கமாக இருக்கிறது. எங்களுக்கு ஏதாவது உண்டா? இறைச்சியை எடுத்துவிட்டுக் காளான் போடுங்கள் என்ற பதிலைக் கேட்டுச் சலித்துவிட்டது.

ஏட்டுச்சுவடி | புதன், மதியம் 1.15

இருக்கிறது, அதுவும் பிரஸ்டன் பக்கத்திலேயே. பட்டர் பை. லங்காஷயரின் கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்த்ததால் பிறந்த உணவு, வெள்ளிக்கிழமை பை என்றும் அழைப்பார்கள். உள்ளே உருளைக்கிழங்கும் வெங்காயமும் நிறைய வெண்ணெயும் மட்டுமே. மாற்றாகச் செய்ததல்ல, தொடக்கத்திலிருந்தே இறைச்சி இல்லாதது. வெங்காயத்தை வெண்ணெயில் பொறுமையாக வதக்கி, முக்கால் பதம் வெந்த கிழங்கு வில்லைகளோடு அடுக்கி, வெள்ளை மிளகு தாராளமாகப் போட்டு, மாவில் மூடிச் சுடுங்கள். மேல் மாவை வெண்ணெயிலேயே பிசையுங்கள். கடையில் வாங்கினால் விலங்குக் கொழுப்பு இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. வூஸ்டர் சாஸ் காய்கறி உணவுகளிலும் ஊற்றச் சொல்வார்கள். 1837 முதல் வூஸ்டர் நகரத்திலிருந்து விற்பனைக்கு வரும் அந்த லீ அண்ட் பெரின்ஸ் சாஸில் நெத்திலி போன்ற மீன் இருக்கிறது. சைவத்துக்கென்று தனியாகச் செய்யும் வகைகளைத் தேடி வாங்குங்கள். அதே சாஸில் நம் புளியும் இருக்கிறது. இந்தச் சாஸ் ஊற்றிய ஷெப்பர்ட்ஸ் பை (கொத்திறைச்சிமேல் மசித்த கிழங்கு பரப்பியது) சாப்பிடுகிறவர்களுக்கு எங்கேயோ பழகிய புளிப்பு என்று தோன்றியிருந்தால், அது பிரமையல்ல.

துளசிமாடம் | புதன், இரவு 8.30

பட்டர் பை! ஏழு ஆண்டுகளாக இந்த நாட்டில் இருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை. மனமார்ந்த நன்றி. முட்டையும் நாங்கள் சேர்ப்பதில்லை. கஸ்டர்டுக்கு வழி இருக்கிறதா?

வல்வெட்டி | புதன், இரவு 8.50

பேர்ட்ஸ் கஸ்டர்ட் தூளை வாங்குங்கள். பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்தாளுநர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக மக்காச்சோள மாவில் உருவாக்கியது அது. அதுவும் 1837தான். பிராம்லி என்ற சமையல் ஆப்பிளின்மேல் மாவுத் தூவல் போட்டுச் சுட்ட கிரம்பிள்மேல் சூடாக ஊற்றிச் சாப்பிடுங்கள். பிராம்லிதான் வேண்டும், மற்ற ஆப்பிள்கள் துண்டாகவே நிற்கும். இது பஞ்சுபோல் குழைந்து புளிப்போடு நிற்கும். மேல் தூவலுக்கு மாவு இரண்டு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு.

லீட்ஸ் வாசகன் | வியாழன், காலை 7.30

இழை கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லையா? ஓவனில் உப்பி எழ வேண்டிய யார்க்‌ஷயர் புட்டிங் எனக்கு மூன்று முறை தட்டையாகப் போய்விட்டது. ஞாயிறு அன்று மகனின் நண்பன் சாப்பிட வருகிறான்.

பிரஸ்டன் சமையலறை | வியாழன், காலை 7.55

லங்காஷயர் ஆளிடம் போட்டி ஊரான யார்க்‌ஷயர் பற்றிக் கேட்கிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தது) போடுகிறீர்களா? சாதா மாவுதான் வேண்டும். 140 கிராம் மாவு, நான்கு முட்டை, 200 மில்லி பால், உப்பு. கட்டியில்லாமல் கலக்கி அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். குழித்தட்டின் ஒவ்வொரு குழியிலும் சிறிது எண்ணெய் விட்டு 220 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். பழைய முறையில் மாட்டுக்கொழுப்பு, நம் வீடுகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் போதும். ஆலிவ் எண்ணெய் வேண்டாம். மாவை ஊற்றும்போது தோசைக்கல்லில் விழுவதுபோல் உஸ் என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் நிறுத்தி, தட்டை மறுபடியும் சூடாக்குங்கள்.

அதன்பிறகு இருபது நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். அதைத் தூக்கி நிறுத்துவது உள்ளே உருவாகும் நீராவி. முட்டையும் மாவும் இறுகிச் சுவராக நிற்பதற்கு முன் குளிர்ந்த காற்று பட்டால் சரிந்துவிடும். 2008இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, நான்கு அங்குல உயரம் இல்லாதது யார்க்‌ஷயர் புட்டிங்கே அல்ல என்று அறிவித்தது. உங்களுக்கு மூன்று வந்தாலும் மகிழ்ச்சியாகப் பரிமாறுங்கள்.

லீட்ஸ் வாசகன் | வியாழன், இரவு 10.10

செல்ஃப் ரெய்சிங் மாவேதான்! கதவையும் இரண்டு முறை திறந்து பார்த்தேன். இன்றே சோதித்துவிட்டேன், ஐயா. எழுந்து நின்றது. மகன் அதில் கிரேவியை ஊற்றி நான்கைச் சாப்பிட்டான்.

வைகறை, போல்டன் | ஞாயிறு, மாலை 5.45

செய்துவிட்டேன். இப்போதுதான் அவர் வீட்டிலிருந்து வந்தேன், கை இன்னும் வெங்காய வாசனை அடிக்கிறது.

முதிர்ந்த செம்மறிக் கழுத்து, சந்தையில் ஒரு இறைச்சிக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். எலும்புகளைத் தனியாகக் கட்டி, சாறு வைக்கச் சொல்லிச் சும்மா கொடுத்தார். வெங்காயத்தைக் கடிகாரம் வைத்து இருபது நிமிடம் வதக்கினேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் போதும் என்று கை போனது, நிறுத்திக்கொண்டேன். மூன்று மணி நேரம் மூடி, பிறகு திறந்து நாற்பது நிமிடம். இரண்டாவது மணி நேரத்தில் என் மகள் படியிறங்கி வந்து, "அம்மா, பக்கத்து வீட்டு வாசனை வருகிறது" என்றாள். அவளுக்கு அந்த அம்மாளின் சமையல் நினைவிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெரியவர் மூடியைத் திறந்ததும் எதுவும் பேசவில்லை. முதலில் பாத்திர ஓரத்தில் குழம்பு வற்றிக் காந்திப் பிடித்திருந்ததைக் கரண்டியால் சுரண்டி வாயில் போட்டார். பிறகு உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, இரண்டு குறை சொன்னார். கிழங்கு மெலிதாக இருக்கிறதாம், அவர் மனைவி இன்னும் தடிமனாக வெட்டுவாராம். தொட்டுக்கொள்ள ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸ் இல்லாமல் அவர் ஹாட்பாட் சாப்பிட்டதே இல்லையாம்.

குறை சொன்னதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குப் புரியும். போன வாரம் விருந்தாளியைப்போல் நன்றி சொன்னவர் அவர்.

அந்த முட்டைக்கோஸ் எப்படிச் செய்வது?

தாமிரபரணி | ஞாயிறு, மாலை 6.30

சகோதரி, நானும் நேற்று செய்தேன். மிளகாய் போடவில்லை. மாமியார் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊறுகாய் மட்டும் தொட்டுக்கொண்டோம், அதை விட முடியவில்லை.

பிரஸ்டன் சமையலறை | ஞாயிறு, இரவு 7.05

தாமிரபரணி, ஊறுகாய் தப்பே இல்லை. கொழுப்பான இறைச்சிக்குப் பக்கத்தில் ஒரு புளிப்பு வேண்டும், முட்டைக்கோஸின் வேலையும் அதுதான். அதை முதல் பதிவிலேயே சொல்லாமல் விட்டது என் பிழை.

வைகறை, சின்னச் சிவப்பு முட்டைக்கோஸ் ஒன்றை மெலிதாகச் சீவி, உப்பை அடுக்கடுக்காகத் தூவி இரவு முழுவதும் வையுங்கள். காலையில் நன்றாக அலசி, துணியில் ஈரம் போக ஒற்றி எடுங்கள். மால்ட் வினிகரில் மிளகு, கடுகு, இரண்டு கிராம்பு, ஒரு பே இலை, சிறிது சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். வெந்நீரில் கழுவிச் சூட்டில் உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் முட்டைக்கோஸை அடைத்து, மூழ்கும்வரை ஆறிய வினிகரை ஊற்றுங்கள். உலோக மூடி வினிகரில் அரிக்கும், உள்பக்கம் பூச்சுள்ள மூடியாகப் பாருங்கள். ஒரு வாரம் கழித்துத் திறக்கலாம். இரண்டு, மூன்று மாதத்துக்குமேல் வைத்தால் மொறுமொறுப்பு போய்விடும்.

கிழங்கு அரை சென்டிமீட்டர் தடிமன். எத்தனை மில்லிமீட்டர் என்று நான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

வைகறை, போல்டன் | ஞாயிறு, இரவு 9.20

முட்டைக்கோஸ் உப்பில் கிடக்கிறது, அண்ணா. அவரிடம் அந்தப் பழைய புட்டி இருக்கிறதா என்று கேட்டேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியிலிருந்து நான்கு எடுத்து வந்தார். ஒன்றில் அந்த அம்மாளின் கையெழுத்தில் தேதி ஒட்டியிருந்தது. அதை மட்டும் கழுவாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.